துருவும் தூய்மையும்: ஒரு ஸ்பிட்ஃபயரை முன்வைத்து

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்வது பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு முதலில் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். கார் என்பது நம் விவாதங்களில் எப்போதும் எதிராளியின் பக்கம் நிற்கும் பொருள். அதிலும் இது இரண்டே பேர் உட்காரக்கூடிய, நிரந்தரக் கூரை இல்லாத, யாருடைய அன்றாடத் தேவைக்கும் பயன்படாத ஒரு கார். "என்ன தோழர், பூர்ஷ்வா பொழுதுபோக்கா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு பண்டத்தை விலையாகவும் அந்தஸ்தாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, அதைக் கழற்றிப் பார்க்கும்போது வேறு சில விஷயங்கள் தென்படுகின்றன. அதைச் செய்தவர்களின் உழைப்பு, அது விற்கப்பட்ட காலனியச் சந்தை, 'அசல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நடக்கும் அதிகாரம் ஆகியவை அங்கே தகட்டிலும் திருகாணியிலும் எழுதப்பட்டிருக்கின்றன.

கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரை வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அப்படிப் பார்ப்பதற்குள் என்ன அரசியல் இருக்கிறது என்றும் கேட்க விரும்புகிறேன். இரண்டையும் தனித்தனியே எழுத முயன்று முடியாமல் சேர்த்தே எழுதுகிறேன்.

1

நான் வளர்ந்தது தாம்பரத்தில். இப்போது இருப்பது இங்கிலாந்தின் கவென்ட்ரியில். இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஓர் இரும்புச் சட்டகம் உண்டு.

கவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ஃப் நிறுவனம் 1959இல் ஹெரால்ட் என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் மற்ற உற்பத்தியாளர்கள் பாடியையும் சேஸிஸையும் ஒரே கூடாக வார்த்தெடுக்கும் முறைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஹெரால்ட் மட்டும் பழைய பாணியில் தனிச் சேஸிஸின் மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு முடுக்கிய வண்டியாக வந்தது. காரணம் அழகியல் இல்லை, பலவீனம். அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் ஒன்றாக அழுத்தித் தரக்கூடிய பெரிய ஆலை கையில் இல்லாததால், சிறிய பட்டறைகள் செய்யக்கூடிய துண்டுகளாகக் காரைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அப்படிப் பிரித்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. துண்டுகளைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம். அயர்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ கூலிக்கு ஆள் வைத்து முடுக்கி விற்கலாம். சென்னையிலும் அப்படித்தான்.

1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்தது. 1961 முதல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வந்தது. முதலில் பெட்டியில் வந்த உதிரிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல இங்கேயே செய்யப்பட்டன. கவென்ட்ரியில் ஒருபோதும் விற்கப்படாத நான்கு கதவு ஹெரால்டை வண்டலூர்தான் செய்தது. ஹெரால்டின் பின் அச்சு வளைவுகளில் சக்கரத்தை உள்ளே மடக்கிவிடும் குணமுடையது. நம் ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972இல் வந்த கேஸல் காரில் அதை எடுத்துவிட்டு நேரான திட அச்சைப் போட்டார்கள். அதாவது 'நகல்' என்று கருதப்பட்டது 'மூல'த்தைத் திருத்தி எழுதியது. தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் பிறகு ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன.

ஸ்பிட்ஃபயர் என்பது அதே ஹெரால்டின் முதுகெலும்பைக் குட்டையாக்கி, அதன்மேல் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் வரைந்த உடலைப் போர்த்திய வண்டி. மாதிரி வண்டியைச் செய்து முடித்த வேளையில் நிறுவனத்திடம் பணம் தீர்ந்துபோக, அதைத் தொழிற்சாலை மூலையில் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். 1961இல் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ஃபை எடுத்துக்கொண்ட பிறகு, சுற்றிப் பார்க்க வந்த புதிய நிர்வாகிகள் துணியை விலக்கிப் பார்த்துச் 'செய்யலாம்' என்றார்கள். 1962 அக்டோபரில் சந்தைக்கு வந்தது. கவென்ட்ரியின் கேன்லி ஆலையில் 1980 ஆகஸ்ட் வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதற்குப் பின் கேன்லியில் கார் உற்பத்தி நின்றது. அங்கும் இப்போது வணிக வளாகம்.

ஸ்பிட்ஃபயர் வண்டலூரில் செய்யப்படவில்லை. ஆனாலும் வண்டலூர் ஹெரால்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை. என்ஜின்கூட ஒரே குடும்பம்தான். இங்கே 948 சி.சி.; அங்கே அதையே பெரிதாக்கி 1147, பிறகு 1296, கடைசியில் 1493.

2

இனி வாங்குகிற விஷயம். வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெயின்ட். கடைசியில் பார்க்க வேண்டியதும் அதுதான். சென்னை புதுப்பேட்டையில் ஒரு முதிய மெக்கானிக் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "சார், மேல இருக்கிறது சட்டை, உள்ள இருக்கிறது எலும்பு. சட்டைய எப்ப வேணா தைச்சுக்கலாம்." ஸ்பிட்ஃபயரைப் பொறுத்தவரை இதைவிடச் சரியான வழிகாட்டுதல் கிடையாது.

ஹெரால்டின் சேஸிஸில் நடு முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் எடையைக் குறைக்க அந்தக் கைகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். தாங்கும் பொறுப்பு 'சில்' என்று சொல்லப்படும் பகுதிக்குப் போயிற்று. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டி போன்ற தகட்டு அமைப்பு அது. வெளித்தகடு, நடுவில் வலுவூட்டும் தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. பின் சக்கரத்தை முன்னும் பின்னும் போகாமல் பிடித்திருக்கும் கம்பிக் கையும் பாடியில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஆக, சில் உளுத்துப்போனால் அழகு மட்டும் போவதில்லை, வண்டியின் நேர்மையே போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கதவை மூடிவிட்டு, அதன் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சில்லின் நீளத்துக்கும் ஓட்டுங்கள். பிடிப்பு விட்டுப்போகிற இடத்தில் தகடு கிடையாது, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கைக்குப் பின்னால் அந்தக் கம்பிக் கை மாட்டியிருக்கும் இடத்தை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

என்ஜினுக்கு ஒரே ஒரு சோதனை முக்கியம். பானட் முழுவதும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும் என்பதால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலுள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்டை இருத்தி வைக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன அல்லது கீழே விழுந்துவிட்டன. அப்படியே ஓட்டியிருந்தால் பிளாக்கே பாழாகியிருக்கும்.

முன் சக்கரம் திரும்பும் இடத்தில், கீழே ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. எஃகுத் தண்டு ஒன்று மரை போல அதற்குள் திருகப்பட்டிருக்கும். இதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். பல பத்தாண்டுகளாகக் கிரீஸ் அடித்தும், ஒன்றுமே அடிக்காமலும் விட்ட வண்டிகளில் உள்ளே துருப்பிடித்துத் தண்டு ஒடியும்; சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை. மாற்றாமல் ஓட்டக் கூடாது.

மற்றபடி கிழிந்த இருக்கை, பொத்தலான கூரைத்துணி, வெளிறிய டாஷ்போர்டு எல்லாவற்றுக்கும் புதிய பாகம் கிடைக்கும். தகடுகள்கூட அநேகமாக எல்லாமே இன்றும் செய்து விற்கப்படுகின்றன. இந்த வகையில் கெட்டுப்போன வண்டியைவிடப் பாகங்கள் தொலைந்துபோன வண்டி மோசம். கெட்டது கையில் இருந்தால் அதைப் பார்த்தாவது இன்னொன்று செய்யலாம்.

நான் வாங்கியது 1973ஆம் ஆண்டின் மார்க் ஃபோர் வகை. விலை 900 பவுண்டு. யாரோ ஒருவர் சீர்செய்யத் தொடங்கி, பாதியில் உடல்நலம் கெட்டுக் கைவிட்டது. வண்டியோடு பதினேழு அட்டைப்பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய சீட்டு: 'இடது கதவுக் கீல். நட் நான்கு. வாஷர் மூன்று, ஒன்று காணோம்.' அந்தச் சீட்டுகள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வண்டியை நான் தொட்டிருக்க மாட்டேன். வாங்கும்போது இரும்பின் நிலையைப் பார்ப்பது போலவே, நமக்கு முன் அதைத் திறந்த கை எவ்வளவு பொறுப்பானது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில்களை மாற்றும்போது ஒரு விதி. பழையதை வெட்டி எடுக்கும் முன் கதவு இருந்த வாய்க்குக் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து பாடியை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய கணத்தில் பாடி மடங்கும். அந்தக் கோணலிலேயே புதிய தகட்டையும் ஒட்டி, கோணலை நிரந்தரமாக்கிவிடுவோம். இதற்காகவே மாலைநேர வகுப்பு ஒன்றில் வெல்டிங் கற்றுக்கொண்டேன்.

3

இனி 'அசல்' பற்றி.

பழைய கார்களின் உலகத்தில் மிக உயர்ந்த சொல் 'ஒரிஜினல்'. இன்ன சேஸிஸ் இன்ன என்ஜினோடு, இன்ன நிறத்தில், இன்ன தேதியில் ஆலையை விட்டு வெளியேறியது என்று பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம். வரலாற்று ஆவணம் என்ற அளவில் அது அருமையான காரியம். ஆனால் சந்தையில் அந்தத் தாள் வேறு வேலை செய்கிறது. என்ஜின் எண் ஒத்துப்போனால் ஒரு விலை, ஒத்துப்போகாவிட்டால் வேறு விலை. நன்றாக ஓடுகிறதா என்று கேட்பதற்கு முன் 'யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்கும் இந்தக் குலவிசாரணை நமக்கு ஒன்றும் புதிதல்ல. தூய்மை என்பது எங்கே பேசப்பட்டாலும், கலந்தவற்றை மதிப்பிறக்கம் செய்யும் கருவியாகத்தான் அது இயங்குகிறது.

அந்தத் தூய்மைக்கு ஆலையிலேயே ஆதாரமில்லை என்பதுதான் வேடிக்கை. ஆண்டின் நடுவிலும் உதிரிகள் மாறின. கையிருப்பில் உள்ளதைப் போட்டு அனுப்பினார்கள். 'அசல்' என்று நாம் வழிபடுவது, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட ஷிஃப்டில் தொழிலாளியின் கைக்கு எட்டிய பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தொழிலாளியின் பெயர் எந்தச் சான்றிதழிலும் கிடையாது.

கட்டடங்களை முன்வைத்து இந்த விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-ல-தூக், சீரமைப்பு என்பது ஒருபோதும் இருந்திராத ஒரு முழுமையைக்கூட உருவாக்கித் தரலாம் என்று ஒப்புக்கொண்டே அதைச் செய்தார். 1849இல் ஜான் ரஸ்கின் அதையே பொய் என்று கண்டித்தார். 1877இல் வில்லியம் மோரிஸ் பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதிதாக்குவதற்கு எதிராக ஒரு சங்கமே தொடங்கினார். மோரிஸ் பின்னாளில் சோஷலிஸ்ட் ஆனவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். நம் ஊரில் கோயில் சுவர்களை மணல்வீச்சு முறையில் 'சுத்தம்' செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோனதை அறிந்தவர்களுக்கு ரஸ்கினின் கோபம் புரியும். சீரமைப்பு தேர்ந்தெடுத்த ஒரு கணத்தைக் காப்பாற்றுவதற்காக அதற்குப் பிந்திய எல்லாக் கணங்களையும் அழிக்கிறது.

அரசு இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது என்பதும் சுவாரஸ்யம். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை பல ஆண்டுகளாக ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. உருமாற்றம் பெற்ற வண்டி பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளி வேண்டும். சேஸிஸுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, என்ஜினுக்கு ஒன்று. 2025இல் இந்த விதிகளைத் தளர்த்தினார்கள். ஸ்பிட்ஃபயர் தனிச் சேஸிஸ் உள்ள வண்டி. எனவே அந்தக் கணக்கில் மிக்கெலோட்டியின் புகழ்பெற்ற உடலுக்குப் பூஜ்யம்! சேகரிப்பாளர் என்ஜின் எண்ணில் தேடும் ஆன்மாவை அரசு சேஸிஸில் தேடியது. அடையாளம் என்பது பொருளுக்குள் உறைந்திருப்பதல்ல, யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டமைக்கப்படுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தத் தத்துவ நூலிலும் கிடைக்காது.

4

அப்படியானால் எதற்காகத்தான் இந்த வேலை?

ஸ்பிட்ஃபயருக்கு ஒரு நல்ல 'குறை' உண்டு. அதைச் சீர்செய்ய ஆகும் செலவு, சீர்செய்த பின் கிடைக்கும் விலையைவிடப் பெரும்பாலும் அதிகம். இதே கவென்ட்ரியில் செய்யப்பட்டு 1961இல் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் அப்படியில்லை, அது முதலீடு. முதலீடானதும் அதைத் தொடுகிற ஒவ்வொரு கையும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். ஸ்பிட்ஃபயரில் பரிவர்த்தனை மதிப்பு தோற்றுப்போனதால்தான் நம்மைப் போன்றவர்கள் அதைத் திறக்க முடிகிறது.

திறக்க முடிவதுதான் என் அக்கறை. பெரிய ஆலை இல்லாத பலவீனத்தாலும், பெட்டியில் அடைத்துக் காலனியச் சந்தைகளுக்கு அனுப்பும் தேவையாலும் துண்டுகளாக வடிவமைக்கப்பட்ட ஒரு வண்டி, அதே காரணத்தால் யாரும் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கிறது. வண்டலூரில் போல்ட் போட்டு முடுக்க முடிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது என் ஷெட்டில் கழன்று வருகிறது. முதலாளியின் கணக்கில் லாபத்துக்கான ஏற்பாடு, அவர் எண்ணாமலேயே நம் கைக்கு ஓர் உரிமையாக வந்து சேர்ந்திருக்கிறது. இதை மூலதனத்தின் கருணை என்று சொல்ல மாட்டேன், அதன் கைதவறிய சில்லறை என்று சொல்லலாம்.

இன்றைய காரில் அந்தச் சில்லறையும் கிடையாது. கோளாறு என்ன என்பதை வண்டி கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் மட்டும் சொல்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கார்களைப் பழுதுபார்க்கத் தேவையான தகவலைச் சிறிய பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று 2012இல் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. கம்பியில்லாமல் செல்லும் தகவலையும் சேர்ப்பதற்காக 2020இல் மறுபடியும். பழுதுபார்க்கும் உரிமை என்பது இன்று ஓர் இயக்கத்தின் பெயர். நம் ஊரில் அது இயக்கமாகப் பெயர் பெறவில்லை. புதுப்பேட்டையில் அது வெறும் பிழைப்பு. ஹெரால்டுகளை ஆண்டுக்கணக்கில் ஓடவைத்த கைகள் எந்த 'ஒரிஜினாலிட்டி'யையும் மதித்ததில்லை. அம்பாசிடர் பாகமோ பியட் பாகமோ, பொருந்தினால் போட்டார்கள். சீரமைப்பாளனின் கண்ணில் அது கலப்படம். வண்டிக்கு அது ஆயுள்.

'சீரமைப்பு', 'பழுதுபார்த்தல்' இரண்டையும் நாம் ஒரே பொருளில் புழங்குகிறோம். சீரமைப்பு பின்னோக்கிப் பார்த்து, நடுவில் நடந்ததை இழிவாகக் கருதுகிறது. பழுதுபார்த்தல் நாளைக் காலை வண்டி கிளம்புமா என்று கேட்கிறது, தன் தடயத்தை மறைக்க வெட்கப்படுவதில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய இங்கிலாந்தின் ஏக்கப் பேச்சு முழுக்க முதல் வகை. போர்விமானத்தின் பெயர் தாங்கிய கார், தொப்பி வைத்த கனவான், கிராமத்துச் சாலை. அந்தச் சித்திரத்தில் கேன்லியின் அசெம்பிளி லைன் வராது. பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் 1938இல் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இதே நகரத்தில்தான் என்பதும் வராது. வண்டலூர் வரவே வராது.

இதற்கு மறுப்பு உண்டு. ஷெட், ஓய்வுநேரம், 900 பவுண்டு எல்லாம் வாய்த்தவனின் 'உரிமை'தானே இது? ஆமாம். வீட்டு வேலையை வேறொருவர் செய்வதால் மிச்சப்படும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெரும்பாலான ஆண்கள் இந்த வண்டிகளுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். பழைய என்ஜினின் புகை புதியதைவிடக் கெட்டது என்பதும் உண்மை. இவற்றுக்குச் சமாதானம் சொல்லிக் கடந்துபோக நான் விரும்பவில்லை. கழற்றத் தெரிந்த அறிவு ஷெட்டுக்குள் தனிமனிதச் சொத்தாகக் கிடந்தால் அது வெறும் பொழுதுபோக்குதான். பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பிலும், சைக்கிள் கடையிலும், தையல் மிஷின் பழுதுபார்க்கும் பெண்ணிடமும் இருக்கும் அறிவோடு அதைச் சேர்த்துப் பேசும்போதுதான் அதற்கு அரசியல் வருகிறது.

வாங்க நினைப்பவருக்கு என் ஆலோசனை இவ்வளவே. பெயரையும் எண்ணையும் வாங்காதீர்கள், இரும்பை வாங்குங்கள். சில் போனதென்றால் விலையைக் குறையுங்கள். பாகங்களும் தொலைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் கற்றுக்கொண்ட பிறகு வாங்குங்கள். முன்னால் திறந்தவர் செய்த ஒட்டு உறுதியாக இருந்தால் அதை வெட்டாதீர்கள். என் வண்டியின் வலதுபக்கத் தரையில் அப்படி ஓர் ஒட்டு இருக்கிறது, சதுரமாக, சற்றே கோணலாக. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து அப்படியே விட்டிருக்கிறேன்.